சாயம் போகும், உப்பு எங்கே போகும்?

திருப்பூர்ச் சாயக்கழிவில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி நிறத்தைப் பற்றித்தான் வரும். "நொய்யல் கலர் கலரா ஓடுமாமே?" என்பார்கள். ஓடியிருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இத்தனை வருடம் அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டிய பிறகு சொல்கிறேன், நிறம் இதில் சின்ன விஷயம். சுண்ணாம்பும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) போட்டுக் கலக்கினால் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். மிச்சத்தில் குளோரின் மருந்தை ஊற்றினால் கண்ணெதிரே வெளுத்துப்போகும். அப்படி வெளுத்த தண்ணீரை கிளாஸில் பிடித்துக் காட்டி, "பாருங்க, சுத்தமாயிருச்சு" என்று சொன்னவர்கள் உண்டு. அந்த கிளாஸில் லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் கணக்கில் உப்பு கரைந்திருக்கும். ஆற்றில் விடுவதற்கான வரம்பு 2,100.

நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்த காலத்தில், எங்கள் துறையில் சுற்றுச்சூழல் வேதியியல் என்றாலே கரிதான். தேங்காய்த் தொட்டிக் கரி, புளியங்கொட்டைக் கரி, வேப்பிலைத் தூள், கடலைத் தொலி என்று கையில் கிடைத்ததையெல்லாம் காய வைத்து, அரைத்து, சாயத் தண்ணீரில் போட்டுக் குலுக்குவோம். எவ்வளவு சாயம் ஒட்டியது என்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் பார்ப்போம். கரியில் எவ்வளவு சாயம் ஒட்டும் என்று சொல்லும் லாங்மியர், ஃபிராய்ண்ட்லிச் என்ற ஐசோதெர்ம் சமன்பாடுகளில் புள்ளிகளைப் பொருத்தினால் ஒரு கட்டுரை தயார். "98 சதவீத நீக்கம்" என்று சுருக்கத்தில் எழுதிவிடலாம். இன்றும் அந்தத் தொழில் நன்றாகவே நடக்கிறது.

இதில் ஒரு கோளாறு இருக்கிறது. ஆய்வகத்தில் பெரும்பாலும் பயன்படுத்துவது மெத்திலீன் நீலம். விலை குறைவு, அளப்பது சுலபம், நேர்மின் சுமை கொண்டது. தாவரப் பொடிகளின் மேற்பரப்பு சாதாரணமாக எதிர்மின் சுமையோடு இருக்கும், அதனால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். திருப்பூரில் பனியன் துணிக்குப் போடுவதோ பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது எதிர்மின் சுமை கொண்டது, நீரில் கரைந்திருக்கவே விரும்புவது. போதாக்குறைக்கு நிஜக் கழிவில் உப்பு, சோடா, சோப்பு, துணியிலிருந்து கழன்ற மெழுகு எல்லாம் இருக்கும். வாலை வடிநீரில் கரைத்த மெத்திலீன் நீலத்தை வைத்துச் சாயக்கழிவுக்குத் தீர்வு சொல்ல முடியாது. இப்போது பி.எச்.டி. வைவாவுக்குத் தேர்வாளராகப் போனால் நான் கேட்கும் முதல் கேள்வி, "சாயம் ஏறின கரியை அப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்பதுதான். நிறைய பேர் முழிக்கிறார்கள். சிலர் "நிலத்தில் புதைக்கலாம்" என்கிறார்கள். தண்ணீரில் இருந்ததை மண்ணுக்கு மாற்றியதற்குப் பெயர் நீக்கம் இல்லையே.

என் கவனத்தை உப்பின் பக்கம் திருப்பியது எந்தப் புத்தகமும் இல்லை, ஒரு டையிங் மாஸ்டர். மாதிரி எடுக்கப் போன பட்டறையில் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்குப் பக்கத்தில் உப்பு மூட்டைகளைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். துணிக்கு எதற்கு இவ்வளவு உப்பு என்று கேட்டேன். "உப்பு துணிக்கில்லீங்க மேடம், சாயத்தைத் துணிகிட்டத் தள்றதுக்கு" என்றார். வேதியியல் பாடத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். பருத்தி தண்ணீரில் நனைந்தால் அதன் மேற்பரப்பில் லேசான எதிர்மின் சுமை இருக்கும், சாயமும் எதிர்மின் சுமை, இரண்டும் விலகும். உப்பு அந்த விலக்கத்தை மட்டுப்படுத்துகிறது. சாயம் துணிக்குள் போன பிறகு சோடா போட்டால்தான் நூலோடு பிணைப்பு உண்டாகிறது. பிணைப்புக்கு முன்பே தண்ணீரோடு வினைபுரிந்து வீணான சாயம் கழுவலில் வெளியே போகிறது. உப்போ, போட்டது முழுக்க அப்படியே வெளியே போகிறது.

அன்று பட்டறையில் நின்றபடியே கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 60 கிராம் உப்பு. ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர். ஆக ஒரு கிலோ துணிக்கு 360 கிராம் உப்பு. 500 கிலோ லாட் என்றால் 180 கிலோ. அடர் நிறமாக இருந்து, மெஷினும் பழையதாகி, லிட்டருக்கு 80 கிராம், 8 லிட்டர் என்று போனால் கிலோவுக்கு 640 கிராம். இதுதான் நான் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் வேலை. எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், கழிவுக் குழாயை நோக்கி ஓடாதீர்கள். ஸ்டோர் ரூமுக்குப் போய் மாதத்துக்கு எத்தனை மூட்டை வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். உள்ளே வந்த உப்பு எங்கோ போய்த்தான் ஆக வேண்டும். கருவி பொய் சொல்லலாம், கொள்முதல் பில் அவ்வளவு சுலபமாகச் சொல்லாது.

அந்த உப்பு எங்கே போனது என்பதற்கு ஒரத்துப்பாளையம் அணை சாட்சி. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டியது. சில வருடங்களிலேயே சாயக்கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிவிட்டது. சுற்றியுள்ள கிணறுகளுக்கு உப்பு இறங்கியது. நான் மண் மாதிரி எடுத்த தோட்டங்களில் சில களராகவே மாறியிருந்தன. சோடியம் மண்ணில் ஏறினால் களிமண் துகள்கள் பிரிந்து துவாரங்களை அடைத்துக்கொள்கின்றன, தண்ணீர் இறங்காது, காய்ந்தால் மண்வெட்டி பாயாது. ஜிப்சம் போட்டு சோடியத்தை வெளியேற்றலாம்தான். ஆனால் வெளியேறியதைக் கழுவிவிட நல்ல தண்ணீர் வேண்டும். அது இருந்தால் இந்தப் பிரச்சினையே ஏது.

ஒரு தோட்டத்துக்காரர், வயதானவர், கிணற்றில் நான் பாட்டிலை இறக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏனுங் அம்மிணி, இந்த ரிப்போர்ட்டு வந்துச்சுன்னா கெணத்துத் தண்ணி நல்லாயிருமாங்க?" என்று கேட்டார். கிண்டல் கொஞ்சமும் இல்லை, நிஜமாகவே கேட்டார். ஆகாதுங்க என்று சொல்ல வேண்டியிருந்தது. "அப்பொறம் எதுக்குங் அம்மிணி இந்த வெயில்ல" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். இளநீரும் முன்பிருந்த அளவில் இல்லை என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாருடைய கிணற்றில் மாதிரி எடுத்தாலும், முடிவைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி அவரிடமே கொடுத்துவிடுவது. குடிக்கலாமா, மாட்டுக்குக் காட்டலாமா, தென்னைக்கு விடலாமா, மஞ்சளுக்கு ஆகுமா என்ற நான்கு கேள்விக்குப் பதில் அதில் இருக்கும். கட்டுரை எங்கோ ஓர் இதழில் வரும், அவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. இந்த ஒரு பக்கத்தை வைத்து நஷ்டஈடு கேட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் பல வருடம் நடத்திய வழக்கு. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது, விடாமல் நடத்த முடிந்தவர்கள் மட்டும் திறக்கலாம் என்பதுதான் சாரம். ஊரே ஸ்தம்பித்தது. அதுவரை எங்களைப் பட்டறை வாசலிலேயே நிறுத்தியவர்கள் போன் போட்டு வரச் சொன்னார்கள். வேதியியலாளருக்கு மரியாதை வந்த காலம் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். நெருக்கடியில் வந்த மரியாதைதான், இருந்தாலும் வேலை கற்றுக்கொள்ள அதைவிட நல்ல காலம் எனக்கு அமைந்ததில்லை.

வெளியே விடக்கூடாது என்றால் என்ன செய்வது? உயிரியல் சுத்திகரிப்பு, பிறகு ஆர்.ஓ. சவ்வு. பெரும்பகுதித் தண்ணீர் திரும்பக் கிடைத்து மறுபடி சாயத்துக்குப் போகிறது. சவ்வு தள்ளிவிட்ட செறிவான உப்புத்தண்ணீர் எவாப்பரேட்டருக்குப் போகிறது. அங்கே விறகையோ நிலக்கரியையோ எரித்து ஆவியாக்குகிறார்கள். இந்த இடத்தில்தான் கரண்ட் பில்லும் எரிபொருள் செலவும் கழுத்தைப் பிடிக்கும். கடைசியில் மிஞ்சுவது உப்பு. அது நல்ல உப்பா, கலவை உப்பா என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

சாயத்துக்குச் சிலர் கல்லுப்பு, அதாவது சோடியம் குளோரைடு போடுவார்கள், சிலர் கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட். ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் எல்லாப் பட்டறைகளும் கிளாபர் உப்பே போட்டால் மீட்பது சுலபம். காரணம் அதன் கரைதிறனில் இருக்கும் ஒரு விசித்திரம். 32.4 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் கிட்டத்தட்ட 50 கிராம் கரையும். குளிரவைத்து 0 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 5 கிராம் கூடத் தாங்காது. மிச்சமெல்லாம் படிகமாக விழும். கல்லுப்புக்கு அந்தக் குணம் இல்லை. குளிர்ந்தாலும் கொதித்தாலும் 36இலிருந்து 39 கிராமுக்குள்தான் ஆடும். ஆக, கலவைக் கரைசலைக் குளிரவைத்தால் கிளாபர் உப்பு தனியாகப் பிரியும், கல்லுப்பு கரைசலிலேயே நிற்கும். முதன்முதலில் ஒரு நிலையத்தின் படிகத் தொட்டியில் கண்ணாடிச் சில்லுகளாட்டம் நீளநீளமாக அது விழுவதைப் பார்த்தபோது, பி.எஸ்சி. முதலாண்டில் மனப்பாடம் செய்த கரைதிறன் வரைபடம் ஒரு வழியாகப் புரிந்தது.

அப்படி மீட்ட உப்பை டையிங் மாஸ்டர் உடனே வாங்கிப் போட்டுவிடுவார் என்று நினைக்க வேண்டாம். அதில் கொஞ்சம் கால்சியமோ மக்னீசியமோ இருந்தால் ஷேடு மங்கும். ஷேடு மாறினால் லாட் ரிஜெக்ட். முதலில் லேப் டிப், அதாவது சின்னத் துண்டுத் துணியில் சாயம் போட்டுப் பார்ப்பார், அப்புறம் சின்ன லாட், அதிலும் கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்கள். அவரைத் திருப்திப்படுத்துவது ஆய்விதழின் மதிப்பீட்டாளரைத் திருப்திப்படுத்துவதைவிடக் கஷ்டம், என் கணக்கில் அதுதான் அதிக மதிப்புள்ளதும்கூட. பிரிக்க முடியாமல் போன கலவை உப்பு மூட்டைகளாகக் கொட்டகையில் அடுக்கப்படுகிறது. மழை படாமல், தரையில் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்குவாரில்லை.

அடுத்து சேறு. சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டுப் படியவைத்த வண்டல் இன்னொரு மலை. இதைச் செங்கல் ஆக்கலாம் என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் கட்டுரை எழுதினார்கள். எங்கள் குழுவும் செய்தது. களிமண்ணோடு சேற்றைக் கலந்து சூளையில் சுட்டோம். இந்தியத் தர அளவுப்படி சாதாரணச் செங்கல்லுக்குக் குறைந்தபட்ச வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன், அது தாண்டியது. தண்ணீர் உறிஞ்சுவது 20 சதவீதத்துக்குள் இருந்தது. அமிலத்தில் 18 மணி நேரம் சுழற்றிப் பார்க்கும் கசிவுச் சோதனையில் உலோகங்கள் வரம்புக்குள் நின்றன. இதோடு நிறுத்தியிருந்தால் அருமையான கட்டுரை.

பிறகு உப்புப் பூக்கும் சோதனை. ஒரு தட்டில் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, செங்கல்லை நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். தண்ணீர் முழுதும் வற்றியதும் மறுபடி ஒருமுறை. காசு பணம் கேட்காத சோதனை, அதனாலேயே பலர் செய்வதில்லை. செங்கல்லின் மேற்பாதி வெள்ளையாகப் பூத்து, விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. சேற்றின் ஈரத்தில் இருந்த சோடியம் சல்பேட் சூளையின் சூட்டுக்கு ஒன்றும் ஆகாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. அதே 32.4 டிகிரி இங்கே எதிரியாக வருகிறது. அதற்குக் கீழே ஈரம் கிடைத்தால் இந்த உப்பு 10 மூலக்கூறு தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு கிட்டத்தட்ட 4 மடங்காகப் பருக்கும். சூடேறினால் தண்ணீரை விட்டுவிடும். நம் ஊர்ச் சுவர் பகலில் அந்த எல்லையைத் தாண்டும், ராத்திரி இறங்கும். செங்கல்லின் துவாரத்துக்குள் தினமும் இது நடந்தால் எந்தச் சுவர் தாங்கும்?

சேற்றை முதலில் நன்றாகக் கழுவிவிட்டுச் செங்கல் செய்யலாமே என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். செய்யலாம். கழுவிய தண்ணீர்? அதே உப்பு, அதே எவாப்பரேட்டர். அவளே சிரித்துவிட்டாள். கழுவாத சேற்றுக்கும் சிமெண்ட் ஆலைச் சூளைக்குமே இப்போது நல்ல பொருத்தம் இருக்கிறது. சுண்ணாம்பும் இரும்பும் அவர்களுக்கு எப்படியும் வேண்டியவை, 1,400 டிகிரிக்கு மேல் போகும் சூட்டில் கரிமப் பொருளெல்லாம் எரிந்துவிடும். ஆனால் அவர்கள் குளோரைடு அளவைக் கேட்பார்கள். அது கூடினால் சூளைக் குழாயில் படிவு கட்டி அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, 2016இன் அபாயக் கழிவு விதிகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வேதிச் சேறும் பட்டியலில் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் அதை எதிலும் கலந்து விற்க முடியாது. மறுசுழற்சி ஆராய்ச்சியைத் தொடங்குபவர்கள் இந்த விதிகளை முதல் வாரத்திலேயே படித்துவிடுவது நல்லது. முடிவுரை எழுதும்போது படித்தால் வயிறு எரியும்.

அளவீடு பற்றி ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறைய அறிக்கைகள் தடுமாறுகின்றன. சி.ஓ.டி. என்பது கழிவிலுள்ள கரிமப் பொருளை வேதிமுறையில் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு. அந்தச் சோதனையில் டைக்குரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து 150 டிகிரியில் 2 மணி நேரம் கொதிக்க வைக்கிறோம். கரிமப் பொருளை ஆக்சிஜனேற்ற வேண்டிய டைக்குரோமேட், குளோரைடையும் ஒரு கை பார்த்துவிடும். கணக்குப்படி 1 கிராம் குளோரைடு 226 மில்லிகிராம் பொய் சி.ஓ.டி. காட்டும். லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் குளோரைடு உள்ள கழிவில் இதுவே கிட்டத்தட்ட 680. வரம்போ 250. மெர்குரிக் சல்பேட் போதிய அளவு போட்டுக் குளோரைடைக் கட்ட வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் நீர்க்க வைக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாத லேபில், ஒரு பட்டறை கல்லுப்பிலிருந்து கிளாபர் உப்புக்கு மாறினாலே "சி.ஓ.டி. குறைந்தது" என்று அறிக்கை வரும். கழிவில் வேறொன்றும் மாறியிருக்காது. அதேபோல், கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் உப்பை எடை போடுவதில்லை, மின்கடத்தலை அளந்து ஒரு எண்ணால் பெருக்குகிறது. கல்லுப்புத் தண்ணீருக்கு அந்த எண் 0.5 பக்கம், சல்பேட் தண்ணீருக்கு 0.7 பக்கம். நூறு ரூபாய் மீட்டரை நம்பி வாதாடப் போகாதீர்கள். தட்டில் ஆவியாக்கி 180 டிகிரியில் உலர்த்தி எடை போடுங்கள்.

மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு வேறு சில விஷயங்கள். உலோகத்துக்கு எடுக்கும் மாதிரியில் அங்கேயே நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். அளவை 2க்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்று பார்க்கும் பி.ஓ.டி. சோதனைக்கு எடுத்ததில் அமிலம் விடவே கூடாது, ஐஸ் பெட்டிதான். ஒரே மாதிரியை வைத்து எல்லாம் செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். பகல் 11 மணிக்கு எடுத்த ஒற்றை மாதிரி எதையும் சொல்லாது. சாயம் ஒரு நேரம் வெளியே வரும், கழுவல் ஒரு நேரம் வரும். கல்லூரி அடையாள அட்டையும் துறைத்தலைவர் கடிதமும் பையில் இருக்கட்டும். பெண் மாணவிகளைத் தனியாக நான் எங்கும் அனுப்புவதில்லை. ஆண்களையும்தான்.

சி.ஓ.டி. சோதனை முடிந்ததும் குடுவையில் மிஞ்சுவது என்ன தெரியுமா? பாதரசம், குரோமியம், வெள்ளி, அடர் அமிலம். பல கல்லூரிகளில் அது நேராக சிங்க்கில் போகிறது. மாசைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு ஒரு பட்டறையும் விடாத சரக்கை நாமே சாக்கடையில் விடுகிறோம். எங்கள் ஆய்வகத்தில் அதற்கென்று மூடியுள்ள கேன்கள் வைத்து, தேதி எழுதி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கிறோம். இதற்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் நிர்வாகம் முதலில் புருவத்தை உயர்த்தும். திட்ட விண்ணப்பத்தின் பட்ஜெட்டிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள், அப்போது யாரும் கேட்கமாட்டார்கள்.

கட்டுரை, பதவி உயர்வு, புள்ளிக் கணக்கு பற்றியெல்லாம் அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடும் இதழ்களைத் தவிர்த்துவிடுங்கள். உலோகங்களை அளக்கும் ஐ.சி.பி. போன்ற பெரிய கருவி உங்கள் கல்லூரியில் இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள், ஐ.ஐ.டி. சென்னையின் பொதுக் கருவி மையத்துக்கு மாதிரியை அனுப்பலாம். "நிறுவனம் மாதிரி தரமாட்டேன் என்கிறது, என்ன செய்ய" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தப்புக் கண்டுபிடிக்க வந்தவர் என்று நினைத்தால் யார் தருவார்கள்? உப்புக்கும் எரிபொருளுக்கும் மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டு, அதில் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பேச்சைத் தொடங்கினால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள். கண்டதை வெளியே சொல்லும் உரிமையை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஒரு நிறுவனத்தின் பணத்தை நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம், ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு அதனால் உதவித்தொகை தள்ளிப்போனது. அவரிடம் முன்பே சொல்லித்தான் செய்தோம்.

இந்தத் துறைக்கு வரலாமா, வேலை கிடைக்குமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: கல்லூரி வேலை ஒன்றையே நம்பி வராதீர்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள், சிமெண்ட் ஆலைகளின் மாற்று எரிபொருள் பிரிவு, ஏற்றுமதி நிறுவனங்களின் தணிக்கைப் பிரிவு எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. அங்கெல்லாம் நேர்முகத்தில் ஐசோதெர்ம் சமன்பாடு கேட்பதில்லை. சேற்றைக் கழுவச் சொன்ன அந்த மாணவி ஒரு சிமெண்ட் ஆலைக்குப் போனபோது, ஒரு தாளில் நாலு கழிவுகளின் பகுப்பாய்வைக் கொடுத்து எதைச் சூளைக்குள் விடலாம் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் குளோரைடு வரிசையைப் பார்த்துவிட்டு, இரண்டாவதில் கூட்டல் தொகை 100க்கு வரவில்லையே, மிச்சம் என்ன என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். அடுத்த மாதமே சேரச் சொல்லிவிட்டார்கள்.